படத்துக்கு ஒரு புகை

அவரைக் கண்ணாடி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடி அணிந்தவர் அல்ல. அனல்மின் நிலையத்தின் கொதிகலன் மேசையில் அவர் உட்காரும் ஷிஃப்டில் சிம்னி வாயில் புகை தெரியாது. பின்னால் இருக்கும் வானம் அப்படியே தெரியும். அதனால் வந்த பெயர். மற்றவர்கள் ஷிஃப்டில் லேசாகக் கறுப்பு கலந்து வந்தால், "இன்னைக்கு யாருப்பா மேல உட்கார்ந்து சுருட்டு பிடிக்கிறது?" என்று டீக்கடையில் கேட்பார்கள். இவர் ஷிஃப்டில் அப்படி யாரும் கேட்டதில்லை. நிலையம் ஓடுகிறதா நிற்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். அதை அவர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்வார்.

கொதிகலனில் நிலக்கரித் தூளும் காற்றும் சேர்ந்து எரிகின்றன. காற்று குறைந்தால் கரி முழுதாக எரியாமல் கறுப்பாக வெளியேறும். கூடினால் சூடு வீணாகும். இரண்டுக்கும் நடுவில் குறுகலான ஓர் இடம் உண்டு. அளவுகாட்டிகள் அந்த இடத்தைச் சொல்லும், ஆனால் கொஞ்சம் தாமதமாகச் சொல்லும். அதற்குள் அவர் கை நகர்ந்திருக்கும். வீட்டிலும் இந்தப் பழக்கம் போகவில்லை. சமையல் அடுப்பில் சுடர் மஞ்சளாகத் தெரிந்தால் எழுந்துபோய்த் திருகிவிட்டு வருவார். "வந்துட்டாருடி ஆபீசர், அடுப்ப சோதனை போட" என்பாள் மனைவி, மருமகளைப் பார்த்து.

மகனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி கடலில் போய்விடும். மருமகள் மின்பொறியாளர். நிலையத்தின் மதிலை ஒட்டி, பழைய சாம்பல் மேட்டைச் சமன்செய்து போட்டிருந்த சூரியமின் வயலுக்கு அவள் பொறுப்பாளராக வந்தாள். காலையில் மாமனாரும் மருமகளும் ஒரே பேருந்தில் போனார்கள். ஒரே நிறுத்தத்தில் இறங்கி, அவர் இடது வாசலுக்கும் அவள் வலது வாசலுக்கும் பிரிந்தார்கள். வயல் முழுவதும் ஓடத் தொடங்கும் நாளில் நிலையம் மூடப்படும் என்று முடிவாகியிருந்தது. குறிப்பிட்ட ஆண்டுக்குள் கரியமில வாயுவைப் பாதியாகக் குறைப்பதாக நாடு உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வாக்கில் இந்த ஊரின் பங்கு இந்த இரண்டு வாசல்களும்தான்.

"மூடுறது நாங்க. கைதட்டு உனக்கு" என்றார் ஒருநாள் பேருந்தில்.

"மூடிட்டா மட்டும் கணக்கு ஆகாது மாமா. நீங்க விட்டுட்டுப் போற இடத்த நாங்க நிரப்பணும். எங்க வயல் சொன்ன அளவுக்குத் தரலைன்னா, குறையிற கரண்டுக்கு வேற எங்கயோ ஒரு கொதிகலன்ல கூட ரெண்டு கூடை கரி விழும். அப்புறம் நீங்க மூடி என்ன, மூடாம என்ன?"

"அதான் வெயில் இருக்கே. அதுக்கென்ன குறைச்சல்?"

"வெயில் இருக்கு. தகட்டுல தூசி இருந்தா வெயில் இருந்தும் இல்லாத மாதிரிதான். எங்க வேலையில பாதி, துடைக்கிறதுதான் மாமா."

துடைப்பதற்கு ஒரு பெண்கள் குழு இருந்தது. நீளக் கம்பில் தூரிகை, தண்ணீர்க் குழாய், சக்கரத்தில் ஓடும் பம்பு, கடைசியாகத் துணி. குழுவின் தலைவியை மேஸ்திரி அக்கா என்பார்கள். துணிகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்துக் கொண்டுவருவது அவள் பொறுப்பு. அந்தத் துணியை வேறெதற்கும் தொட விடமாட்டாள். ஒருமுறை மருமகள் அதில் கையைத் துடைத்ததற்கு, "இன்ஜினியரம்மா, உங்க புடவை இல்லியா?" என்று கேட்டாளாம். மருமகள் அதை வீட்டில் சொல்லிச் சிரித்தாள்.

மூடும் விழாவுக்குச் சில நாள் இருக்கும்போது விளம்பர அதிகாரி வந்தார். இளைஞர். சாம்பல் படிந்த தரையில் புதுக் காலணியைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார். கூடவே படப்பிடிப்புக்காரர்கள். நாடெங்கும் காட்டப்போகும் குறும்படம் என்றார்கள். அதிகாரி முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நிலையம் ஓடுதா சார்?"

"ஓடுது" என்றார் கண்ணாடி.

"புகையையே காணோமே."

"வராது. என் ஷிஃப்ட்."

அதிகாரியின் முகம் விழுந்துவிட்டது. "அப்படின்னா எப்படி சார்? ஓடும்போதும் இப்படித்தான் இருக்கும், நிறுத்தினாலும் இப்படித்தான் இருக்கும்னா, என்னத்த நிறுத்தினோம்னு ஜனங்க கேக்க மாட்டாங்களா? ஒரு அஞ்சு நிமிஷம் நல்லா கறுப்பா விட முடியுமா? மேல பேசியாச்சு. உங்களையும் எடுக்கிறோம். கைப்பிடியில உங்க கை, அப்புறம் உங்க முகம்."

எண்ணெய்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர், எல்லோரும் குண்டு என்று கூப்பிடுபவர், கண்ணாடியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "வேணாம்ணே. இவ்வளவு காலம் வாய கொப்பளிச்சு சுத்தமா வச்சுட்டு, போற நேரத்துல துப்பச் சொல்றான். நீங்களும் துப்பப் போறீங்களா?"

"நாட்டுக் காரியம்டா."

"நாட்டுக் காரியமா? உங்க மூஞ்சி வர்ற காரியமா?"

"ரெண்டும்தான் இருக்கட்டுமே" என்றார் கண்ணாடி. குண்டு சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் விடியலில் எடுத்தார்கள். வெளிச்சம் அப்போதுதான் நன்றாக இருக்குமாம். மருமகள் கடைசி அனுமதிக்காகத் தலைநகரம் போயிருந்தாள். தகடுகளை எல்லாம் கழுவி முடித்திருந்த பெண்களுக்கு அன்று விடுப்பு. வயலில் காவலாளியைத் தவிர ஆள் இல்லை. காவலாளி தன் அறையில் தூங்கினான்.

கண்ணாடி, சாம்பலைப் பிடித்துவைக்கும் மின்தகடுகளை நிறுத்தச் சொன்னார். எண்ணெயைத் திறக்கச் சொன்னார். காற்றைக் குறைத்தார். வாழ்நாளெல்லாம் எந்த இடத்தைத் தவிர்த்துக்கொண்டிருந்தாரோ அந்த இடத்துக்கு அவர் கை ஒரே வீச்சில் போய்ச் சேர்ந்தது. அது அவருக்கே வியப்பாக இருந்தது. வெளியே படப்பிடிப்புக்காரர்கள் கத்துவது உள்ளே கேட்டது. அதிகாரி ஓடிவந்து, "பிரமாதம் சார், இன்னும் கொஞ்சம்!" என்றார். இன்னும் கொஞ்சம் விட்டார். அந்த நிமிஷத்தில் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதுதான் பிறகு அவரால் தாங்க முடியாமல் போனது.

ஒன்றை அவர் மறந்துவிட்டார். முழுச் சுமையில் ஓடும் கொதிகலனின் புகை சூடாக, வேகமாக மேலே போகும். எங்கோ தொலைவில் கலைந்துவிடும். மூடும் வாரம் என்பதால் சுமை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. புகைக்கு எழும்ப வலுவில்லை. சிம்னி வாயிலிருந்து வழிந்து, தொங்கி, மதிலைத் தாண்டி இறங்கியது. குறைந்த சுமையில் கரும்புகை விட எந்தக் கொதிகலன்காரனுக்கும் இதுவரை அவசியம் வந்ததில்லை. ஆகையால் அது எங்கே விழும் என்று யோசிக்கும் பழக்கமும் யாருக்கும் இல்லை. வயலில் தகடுகள் பனியில் நனைந்திருந்தன. எண்ணெய்க் கரி அதில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. வெயில் ஏறியதும் பனி காய்ந்தது. கரி ஒட்டிக்கொண்டது.

மறுநாள் விழா. முற்றத்தில் பெரிய மின்பலகை. ஒருபுறம் நிலையத்தின் எண் இறங்கியது, மறுபுறம் வயலின் எண் ஏறியது. நிலையத்தின் எண் பூஜ்யத்தைத் தொட்டபோது எல்லோரும் கைதட்டினார்கள். வயலின் எண் ஏறவேண்டிய அளவுக்கு ஏறாமல் பாதி வழியில் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. மருமகள் கவனித்தாள். கைதட்டிக்கொண்டே கவனித்தாள்.

ஒரு வாரம் கழித்து மாலையில் அவள் அலுவலகப் பையோடு நேராக அவரிடம் வந்தாள். பையிலிருந்து ஒரு துணியை எடுத்தாள். கறுப்பாக இருந்தது.

"விழா அன்னைக்குக் காலையில வந்து பாத்தா தகடெல்லாம் கரிப்பொட்டாம். அவசரமா தண்ணி ஊத்தித் தேய்ச்சிருக்காங்க. போகலை, இழுவிடுச்சு. தண்ணியில போகவே மாட்டேங்குது மாமா. சிம்னியிலேருந்து விழுந்ததுன்னு மேஸ்திரி அக்கா சொல்லுது. ஆபீஸ்ல நம்பமாட்டேங்கிறாங்க. உங்க நிலையத்துல கேட்டா, எதுவும் விடலைன்னு பதில் வந்திருக்கு. உங்க பக்கத்துலேருந்து ஏதாவது வந்துச்சா மாமா?"

படம் வெளிவரும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்று விளம்பர அதிகாரி சொல்லிவைத்திருந்தார். அது ஒரு காரணமே இல்லை என்று அவருக்கு அப்போதே தெரியும். கண்ணாடி துணியை வாங்கி முகர்ந்தார். முகர வேண்டிய அவசியம் இல்லை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"எங்க சிம்னியா? என் ஷிஃப்ட்லயா?" என்றார். குரல் சரியாகவே வந்தது. மருமகள் காத்திருந்தாள். அவர் இன்னும் ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது. "எண்ணெய் வாசனை அடிக்குதேம்மா. வண்டி ஷெட்டுல துடைக்கிற துணி ஏதாவது கலந்திருக்கும்."

"அப்படியா சொல்றீங்க?"

"வாசனையே சொல்லுதே."

உள்ளேயிருந்து மனைவி, "இவர் சிம்னியில பொட்டுக் கரி வந்திருந்தா அன்னைக்குச் சோறே இறங்கியிருக்காதே இவருக்கு" என்றாள்.

மருமகள் துணியை மடித்து வைத்தாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அவர் சொன்னால் அவளுக்குப் போதும். மறுநாள் அலுவலகத்தில் அவள் அதையே சொன்னாள். சிம்னி இல்லை, என் மாமனார்தான் அன்று பொறுப்பு, எண்ணெய்த் துணி கலந்திருக்கலாம். துணி யார் பொறுப்பு என்று கேட்டார்கள். குழுவில் மற்றவர்களை வைத்துக்கொண்டு மேஸ்திரி அக்காவை மட்டும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவள் சத்தம் போட்டாளாம். பிறகு சத்தம் போடுவதை நிறுத்திவிட்டு, மடித்த துணிகளை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாளாம். இதை மருமகள் சாப்பிடும்போது சொன்னாள். "பாவமாத்தான் இருக்கு. ஆனா ஒத்துக்கவே இல்ல மாமா, அதான் கஷ்டமா இருக்கு." அவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

வேலை இல்லாத நாட்கள் தொடங்கியிருந்தன. அவர் காலையில் எழுந்து குளித்து, பழைய நேரத்துக்கே தயாராகி, நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மருமகள் தனியாகப் பேருந்துக்குப் போவாள். வயலின் அளவு இன்னும் தேறவில்லை என்று அவள் யாரிடமோ போனில் சொல்வது கேட்கும். குறையும் மின்சாரத்துக்கு வேறோர் ஊரில் யாரோ ஒருவர் கையை நகர்த்திக்கொண்டிருப்பார். அந்தக் கையை அவருக்குத் தெரியும்.

படம் ஒரு மாலையில் தொலைக்காட்சியில் வந்தது. மனைவி பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு வைத்திருந்தாள். உட்கார இடமில்லை. மருமகள் வேலையிலிருந்து வந்து சுவரோரம் நின்றாள். "இது நேற்று" என்றது ஒரு கனத்த குரல். திரை முழுவதும் கறுப்பு. மொத்தமாக, சுருள் சுருளாக, கொழுத்துப் போய் எழுந்து தலைகுப்புறக் கவிழ்ந்தது புகை.

"அடேயப்பா" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "இதையா இத்தனை நாளா முழுங்கிட்டு இருந்தோம்?"

"இவர் ஷிஃப்டா இருக்காது" என்றாள் மனைவி வேகமாக. அதற்கு அடுத்த காட்சியில் அவர் கை வந்தது. பிறகு அவர் முகம். முகம் நன்றாக வந்திருந்தது. லேசாகச் சிரித்துக்கொண்டும் இருந்தது. மனைவி கைதட்டத் தொடங்கி, தட்டாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "இது இன்று" என்றது குரல். நீல வானம், கீழே தகடுகள்.

எல்லோரும் போகும்வரை மருமகள் சுவரை விட்டு நகரவில்லை. போனபிறகு கேட்டாள்.

"எந்த நாள் எடுத்தது இது?"

"விழாவுக்கு முந்தின நாள்."

"நான் துணிய காட்டினப்போ உங்களுக்குத் தெரியும்."

அது கேள்வியாக இல்லை. அவர் தலையை ஆட்டினார்.

"ஒரு தடவதாம்மா. அவங்க கேட்டாங்கன்னு. இத்தனை வருஷத்துல என் கையால ஒரு பொட்டுக் கறுப்பு..."

"கறுப்பு வரலைன்னா கரி போகலைன்னு அர்த்தம் இல்ல மாமா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "கறுப்பா வர்றது எரியாம தப்பிச்ச கரி. நீங்க நல்லா எரிச்சப்போ எல்லாமே கண்ணுக்குத் தெரியாத வாயுவாத்தான் மேல போச்சு. அதுக்குத்தான் இந்த வாக்கு, வயல் எல்லாம். உங்க சிம்னி எப்பவுமே சுத்தமா இல்ல."

மனைவி ஏதோ சொல்ல வந்தாள். மருமகள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அது உங்க தப்பு இல்ல. அந்தக் கரண்ட்லதான் நாங்கெல்லாம் படிச்சோம், ஃபேன் போட்டுத் தூங்கினோம். அதுக்கு உங்களை யாரும் கேக்கப்போறதில்ல. அந்தத் துணி உங்க தப்பு. உங்க வாய்ச்சொல்ல நம்பி ஒருத்தி வேலைய நான் பறிச்சுட்டேன்."

அவருக்கு எதில் அதிகம் கூசியது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இத்தனை காலம் பெருமையாக அண்ணாந்து பார்த்த வெறும் வானம். வாசனை பிடித்துச் சொன்ன மூக்கு. அவர் எழுந்துபோய்ச் சட்டையை மாட்டினார். "எங்க போறீங்க இந்நேரத்துக்கு?" என்றாள் மனைவி. எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்தார்.

மறுநாள் மருமகளோடு பேருந்தில் போனார். இம்முறை அவரும் வலது வாசலுக்கு நடந்தார். வயல் அலுவலகத்தில் மேலாளர் அவரை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து கைகொடுத்தார். "படத்துல பாத்தேன் சார், அட்டகாசம்!" கண்ணாடி நின்றபடியே சொன்னார். புகை நிஜமில்லை, படத்துக்காக விட்டது, அந்தக் கரிதான் தகட்டில் விழுந்தது, துணி அல்ல. மேலாளர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சார், இந்தப் படத்த இப்ப வெளிநாட்டுல கூட காட்டுறாங்க. இது சும்மா காட்டினதுன்னு நீங்களே சொன்னா, மூடினதும் சும்மான்னு சொல்ல நாலு பேர் காத்திருக்கான். மூடினது நிஜம்தானே? அத கெடுக்கணுமா? அந்தம்மாவ நாளைக்கே வரச் சொல்லிடறேன். பருவநிலை அழுக்குன்னு போட்டு முடிச்சிடலாம்."

"பருவநிலையா?" என்றாள் மருமகள்.

"பொதுவாச் சொல்றதும்மா."

மேஸ்திரி அக்கா வரவில்லை. ஆள் அனுப்பினார்கள், வரவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருப்பதாகத் தெரிந்தது. கண்ணாடி தனியாகப் போனார். பின்கட்டில் வரிசையாக வெள்ளை விரிப்புகள் காய்ந்தன. அவள் ஒன்றை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்து, "ரூம் வேணும்னா முன்னாடி கேளுங்க சார்" என்றாள்.

"நான் இன்ஜினியரம்மாவோட மாமனார்."

அவள் பிழிவதை நிறுத்தவில்லை. அவர் சொல்லி முடித்தார். எல்லாவற்றையும் சொன்னார். துணியை முகர்ந்ததையும் சொன்னார்.

"எண்ணெய்க் கரியா?" என்றாள்.

"ஆமா."

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சோப்பு போட்டுத் தேய்ச்சிருப்போமே. வெறும் தண்ணியில தேய்ச்சுத் தேய்ச்சு அவளுங்களுக்கு உள்ளங்கை தோலே போச்சு."

அவர் தரையைப் பார்த்தார். சோப்புத் தண்ணீர் அவர் செருப்பைச் சுற்றி ஓடியது.

"வேலை திரும்பத் தர்றாங்க. வாங்க" என்றார்.

"வேலை எங்க இல்ல? இதோ இருக்கு." விரிப்பை உதறிக் கொடியில் போட்டாள். "சார், ஆபீஸ்காரன் என்னை நம்பலைன்னா எனக்கு என்ன? அவன் யாரு? எங்க குழுவுல இருக்கிறவளுங்களே நம்பிட்டாளுங்க. அக்கா வயசாயிடுச்சு, துணிய மாத்திக் கொண்டாந்துடுச்சுன்னு. என் துணிய! வழியில பாத்தா பேசுறாளுங்க, நல்லாத்தான் பேசுறாளுங்க. பாவம் பாத்துப் பேசுறாளுங்க. அதுதான் எனக்கு ஆகலை."

"நான் என்ன செய்யட்டும்?"

"என்கிட்ட வந்து சொல்றதுல என்ன இருக்கு? எனக்குத்தான் தெரியுமே. அவளுங்க முன்னாடி வந்து சொல்லுங்க. நானும் வர்றேன். நான் பக்கத்துல நிக்கும்போது சொல்லுங்க."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். பேருந்தில் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் கம்பியைப் பிடித்து நின்றார். எதிர் இருக்கையில் இருந்த ஒருவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க டிவியில வந்தவர்தானே?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். ஆமாம் என்றார்.

வயலில் வெயில் கொளுத்தியது. பெண்கள் நடு வரிசையில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பம்பு கடகடவென்று ஓடியது. மருமகள் வரிசை முனையில் நின்றிருந்தாள், இவர்கள் வருவதைப் பார்த்தும் அருகே வரவில்லை. மேஸ்திரி அக்கா அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தகடுகளைப் பார்த்தாள், ஒன்றில் விரலை வைத்து இழுத்தாள், விரலைப் பார்த்தாள்.

"அம்மா" என்றார் கண்ணாடி. பெண்கள் திரும்பினார்கள். "இந்தக் கரி எங்க சிம்னியிலேருந்து விழுந்தது. நான்தான் விட்டேன். படத்துக்காக. அக்கா துணியில எதுவும் இல்ல. துணின்னு நான் சொன்னது பொய்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். குழாயைப் பிடித்திருந்தவள் காதுக்குப் பின்னால் கையை வைத்தாள்.

"என்ன சொல்றாரு? பம்பு சத்தத்துல ஒண்ணும் கேக்கலையே."

பம்பை நிறுத்துவார்கள் என்று அவர் காத்திருந்தார். பம்பு மேஸ்திரி அக்காவின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அவளுக்குக் கேக்கலையாம் சார்" என்றாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னொரு தடவை, முதலிலிருந்து, கத்திச் சொல்ல ஆரம்பித்தார்.